மாட்டெலும்புப் பிடி போட்ட வில்லுக்கத்தி

என் வலது கைச் சுட்டுவிரலில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. யாழ்ப்பாணம் ரவுணில் வாங்கிய ஒரு வில்லுக்கத்தி போட்ட தழும்பு. அதன் அலகில் 'யூ.எஸ்.ஏ.' என்று அடித்திருந்தது. பிடியில் அமெரிக்கக் கொடி ஒட்டியிருந்தது. மாட்டுக் கயிறு ஒன்றை அறுத்துக்கொண்டு நின்றபோது அந்த அலகு ஒரு காரணமும் இல்லாமல் மடிந்து வந்து என் விரலைக் கடித்தது.

விரலைச் சீலைத் துண்டால் சுற்றிக்கொண்டு கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வில்லு என்று உள்ளே இருந்தது பால்மாப் பேணித் தகரத்தைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு தகடு. ஆணி ஆடியது. பிடியின் ஓரமெல்லாம் பிளாஸ்டிக் பிசிறு. இரத்தம் பட்ட கொடி ஒரு மூலையில் உரிந்து தொங்கியது. எனக்கு நோவைவிட அருவருப்புத்தான் கூடுதலாக வந்தது. வாய் கூசாமல் பொய் சொல்லுகிற மனிசரைப் பார்த்தால் வருமே, அதே அருவருப்பு. கொண்டுபோய் மலகூடக் குழிக்குள் எறிந்தேன்.

நான் மாடு வளர்க்கிறவள். யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், சுருவிலில் வீடு. வீட்டோடு பட்டி, பின்னால் புகையிலைத் தோட்டம், அதற்கும் பின்னால் பனங்காணி. தோட்டத்தை என் வீட்டுக்காரர் பார்ப்பார், பட்டியை நான் பார்ப்பேன். விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை எனக்குக் கத்தி வேண்டும். கயிறு அறுக்க வேண்டும், மாட்டுக்கு ஓலை வார வேண்டும், தவிட்டுச் சாக்கின் வாயைப் பிரிக்க வேண்டும், குளம்பிடுக்கில் இறுகின கல்லை நெம்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குசினிக்கு ஓட ஏலாது. அதனால் எப்போதும் இடுப்பில் ஒரு வில்லுக்கத்தி. பொம்பிளைக்கு ஏன் வில்லுக்கத்தி என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்டவர்களில் ஒருவர்கூட வந்து ஒரு கட்டு ஓலை வார்ந்து தந்ததில்லை.

விரல் வெட்டுப்பட்ட கதையைத் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் அமெரிக்காவில் இருக்கிறான். சண்டைக் காலத்தில் மீசை முளைக்காத வயதில் போனவன். எங்கெல்லாமோ அலைந்து, கடைசியில் குளிர் பிடித்த ஒரு சின்ன ஊரில் போய் நின்றவன். என்ன வேலை என்று கேட்டால் "ஒரு பக்டறியிலை" என்பான். அதற்குமேல் நானும் கேட்டதில்லை. அன்றைக்குக் கத்தியின் கதையைக் கேட்டுவிட்டு ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டான்.

"யூ.எஸ்.ஏ. எண்டோ போட்டிருந்தது?"

"ஓம்."

"சீ" என்றான். அவ்வளவு வெறுப்போடு அவன் ஒரு சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. "அக்கா, நான் வரேக்கை உனக்கு ஒண்டு கொண்டுவாறன்."

அவன் வருவதற்குக் காரணம் கத்தி இல்லை, கலியாணம். எங்கள் அம்மாவின் தமையன், மாமா, அவனுக்குப் புங்குடுதீவில் ஒரு பொம்பிளை பார்த்து வைத்திருந்தார். மாமா அரசாங்க உத்தியோகம் பார்த்து இளைப்பாறினவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, ஊரில் எந்த நல்லது கெட்டதிலும் முதற் கதிரை அவருக்கு. அம்மாவும் ஐயாவும் இல்லாத எங்களுக்குத் தானே பெரியவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். தம்பி அமெரிக்காவில் என்ஜினியர் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்ததும் அவர்தான்.

தம்பி வந்திறங்கிய மறுநாள் காலை. நான் குசினியில் பிட்டு அவித்துக்கொண்டு நின்றேன். அவன் வந்து, எண்ணெய் மணக்கும் ஒரு துணிச் சுருளை என் கையில் தந்தான். பிரித்துப் பார்த்தால் ஒரு வில்லுக்கத்தி. என் உள்ளங்கைக்குள் அடங்கியது. ஆனால் அளவுக்கு மிஞ்சிய பாரம்.

"இதை நான் செய்தனான்" என்றான்.

"நீயோ?"

"முழுக்க இல்லை. அலகு வெட்டுறது ஒராள், பிடி பொருத்திறது இன்னொராள். அலகையும் வில்லையும் ஒண்டோடை ஒண்டு இருத்திறது நான். அதுதான் அக்கா என்ரை வேலை. உங்கடை மாமா சொல்லுற என்ஜினியர் வேலை."

சிரித்தான். பிறகு கத்தியை என் கையிலிருந்து வாங்கி யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான்.

"வில்லுக்கும் தகட்டுக்கும் நடுவாலை வெளிச்சம் தெரியுதோ பார்."

ஒரு மயிரிழைகூடத் தெரியவில்லை. பித்தளைத் தகடும் உருக்கு வில்லும் பிடியும் ஒரே துண்டாய் வார்த்ததுபோல் இருந்தன. முதுகில் நகத்தால் தடவச் சொன்னான். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று நகத்துக்குத் தெரியவில்லை. ஆணித் தலைகளைத் தேடினேன், கண்ணால் கண்டேனே தவிர விரலுக்கு அகப்படவில்லை. பிடியின் இரண்டு முனையிலும் வெள்ளி நிறத்தில் தொப்பிபோல் உலோகம். அலகின் நகக்குழியில் நகத்தை வைத்து இழுத்தேன். பாதித் தூரத்தில் ஒருதரம் நின்றது. இன்னும் இழுக்க, டக் என்று விறைத்து நின்றது. மூடும்போதும் அப்படித்தான். பாதியில் ஒரு நிற்பு, பிறகு டக். சோம்பலாய் விழுகிற சத்தமில்லை அது. நல்ல பூட்டு ஒன்று பூட்டுப்படுகிற சத்தம்.

"பாதியிலை ஏன் நிக்குது?"

"விரல் தப்பத்தான்" என்றான், என் தழும்பைப் பார்த்துக்கொண்டு.

அன்றைக்கு அவன் பேசின பேச்சை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. மூடியிருக்கும்போதும், பாதியில் நிற்கும்போதும், விரிந்திருக்கும்போதும் வில்லின் முதுகு பிடியோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டுமாம். ஒரு நிலையில் சரிவந்தால் இன்னொரு நிலையில் பிசகுமாம். பெருவிரலால் தடவித் தடவி, கொஞ்சம் கொஞ்சமாய்த் தேய்த்துத்தான் இருத்த வேண்டுமாம். அவனுடைய பெருவிரலைத் திருப்பிக் காட்டினான். ரேகையே இல்லை, தேய்ந்து மினுங்கியது. அந்த நாட்டில் இதே மாதிரிக் கத்தியைத் தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்களாம். இடையிலே பேருக்குச் செய்து தள்ளின காலமும் இருந்ததாம். இப்போது செய்கிறவை பழையவற்றைவிடத் திறம் என்று வாங்குகிறவர்களே சொல்லுகிறார்களாம். அதைச் சொல்லும்போது அவனுடைய முகத்தில் ஒரு மினுக்கம்.

"பிடி என்ன, மான் கொம்போ?" என்றேன். பழுப்பும் சிவப்புமாய், விரலுக்குப் பிடிப்பாய்ச் சின்னச் சின்னக் கொத்தல்களோடு இருந்தது.

"எலும்பு. மாட்டுக் கால் எலும்பு."

என் கை கூசிற்று. பட்டிப் பக்கம் என்னையறியாமல் பார்த்தேன். அங்கே என்னுடைய சிவலைப் பசு அசைபோட்டுக்கொண்டு நின்றது. கத்தியை மேசையில் வைத்துவிட்டுப் பிட்டை இறக்கினேன். இறக்குகிற நேரத்துக்குள் யோசித்தேன். கோயிலில் மேளம் அடிக்கிறார்களே, அது என்ன தோல்? செத்த மாட்டின் எலும்பை நாய் இழுத்துக்கொண்டு திரிவதையும் பார்த்திருக்கிறேன், இப்படி வழித்து மினுக்கி வைத்திருப்பதையும் பார்க்கிறேன். கத்தியை எடுத்து ஒரு மாங்காயைச் சீவினேன். தோல் கடதாசியைவிட மெல்லிசாய்ச் சுருண்டு விழுந்தது.

"துடைச்சுவை. இது கறுக்கிற உருக்கு" என்றான். "புளி பட்டா நிறம் மாறும், அது பிழையில்லை. ஈரத்தோடை விட்டாத்தான் துரு."

அன்று பின்னேரம் மாமா வந்தார். விறாந்தையில் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். தம்பி அவருக்கும் ஒரு கத்தி கொண்டுவந்திருந்தான். என்னுடையதைப் போலத்தான், கொஞ்சம் பெரியது. இரண்டு கையாலும் கொடுத்தான். மாமா வாங்கினார், விரித்தார், மூடினார். அந்தச் சத்தம் அவருக்கும் பிடித்தது என்று முகத்தில் தெரிந்தது.

"நல்ல சாமான். எங்கை வாங்கினனி?"

"வாங்கேல்லை மாமா. நான் வேலை செய்யிற இடத்திலை செய்யிறது. உந்த அலகும் வில்லும் நான் பொருத்தினது."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "நீ எண்டால்? உனக்குக் கீழை வேலை செய்யிற ஆக்களோ?"

"இல்லை மாமா. நான்தான். என்ரை கையாலை."

"பிடி?"

"மாட்டெலும்பு."

மாமா கத்தியைக் கீழே வைக்கவில்லை, விட்டார். அது சிமெந்து நிலத்தில் விழுந்தது. எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். வாளியால் தண்ணி அள்ளி, சவர்க்காரம் போட்டு, முழங்கைவரை கழுவினார். நாங்கள் இரண்டு பேரும் விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு வந்து கதிரையில் இருக்காமல் முற்றத்தில் நின்றபடியே சொன்னார்:

"அமெரிக்காவுக்குப் போய்க் கொல்லத் தொழிலோடா செய்யிறாய்? எங்கடை குடும்பத்திலை ஆர் செய்தது உதை? அதுவும் மாட்டெலும்பை வைச்சு. சீ! உதை ஒருதருக்கும் சொல்லிப்போடாதை. பொம்பிளை வீட்டுக்கு நான் சொன்னது சொன்னதாய் இருக்கட்டும்."

தம்பியின் முகம் செத்துப்போயிற்று. குனிந்து கத்தியை எடுத்து, நிலத்தில் பட்ட முனையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை.

மாமாவுக்கும் மாட்டுப் பட்டி இருக்கிறது. அவருடைய பட்டியில் பிறக்கிற, பால் தராத நாம்பன் கன்று எதுவும் வளர்ந்து பெரிதாகி நான் கண்டதில்லை. விடியமுதல் ஒரு லொறி வரும், கன்று போகும். எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அந்தக் கையைக் கழுவ அவர் கிணற்றடிக்குப் போனதை ஒருநாளும் கண்டதில்லை. அதைச் சொல்ல வாய் உன்னினேன். தம்பி கண்ணால் வேண்டாம் என்றான். கலியாண விசயம் நடந்துகொண்டிருக்கிறபடியால் விழுங்கிக்கொண்டேன்.

அந்தக் கிழமையே பொம்பிளை பார்க்கப் போனோம். வாடகைக்குப் பிடித்த வானில் மாமாவும் தம்பியும் நானும். பாலத்தால் போகும்போது மாமா வழி முழுக்கப் படிப்பித்தார். "கேட்டால் மெக்கானிக்கல் எண்டு சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன்." தம்பி கடலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

நல்ல வீடு. பொம்பிளை முப்பத்தைந்து வயதுக்கு மேல், ரவுணில் ஒரு கந்தோரில் வேலை. அளவாய்க் கதைத்தாள். எனக்குப் பிடித்தது. சாதகம் ஏற்கெனவே பார்த்து, நல்ல பொருத்தம் என்று அவர்களே சொல்லியனுப்பியிருந்தார்கள். பலகாரம் வந்தது. தகப்பன் தம்பியிடம் கேட்டார்.

"தம்பி, நீர் எந்தப் பக்கத்து என்ஜினியர்?"

மாமா வாயைத் திறப்பதற்குள் தம்பி சொல்லிவிட்டான்.

"நான் என்ஜினியர் இல்லை ஐயா. கத்தி செய்யிற பக்டறியிலை தொழிலாளி. மடக்கிற கத்தி. அதுக்கு அலகு பொருத்திறனான்."

மாமா தட்டிலிருந்த அரியதரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது மடல்கூடச் சிவந்துவிட்டது. தகப்பன் மெல்லச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. பொம்பிளைதான் கேட்டாள்:

"கொண்டுவந்திருக்கிறீங்களோ? பாக்கலாமோ?"

தம்பி தன்னுடைய கத்தியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அது அவன் அன்றாடம் பாவிக்கிற கத்தி. அலகு நீலமும் சாம்பலுமாய்க் கறுத்திருந்தது. அவள் கவனமாய் விரித்தாள், பாதியில் நின்றதும் ஒருதரம் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், பிறகு முழுக்க விரித்தாள். மூடினாள். திரும்பவும் விரித்தாள். தாய் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். கத்தியை அவனிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போனாள். பிறகு வெளியே வரவில்லை.

"யோசிச்சுச் சொல்லுறம்" என்றார் தகப்பன், வாசல்வரை வந்து. கைகூப்பினார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த கிழமை செய்தி வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். நல்ல பொருத்தம் என்று அவர்களே சொன்ன அதே சாதகம். கிரகங்கள் எங்கள் தம்பி வேலை சொன்ன நேரம் பார்த்து இடம் மாறியிருக்க வேண்டும். இல்லையென்று வாயால் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திராது. மாமாவோ என்னுடைய முற்றத்தில் நின்று, "வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இண்டைக்குத் தாலிக்கொடிக்குப் பொன்னுருக்கியிருக்கலாம்" என்று கத்தினார்.

அன்று பின்னேரம் தம்பியைச் சாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை. ரவுணிலிருந்து வந்த சனம் கடற்கரை முழுக்க. சோற்றுப் பார்சல் கடதாசியும் வெறும் போத்தலும் காலில் மிதிபட்டன. அவன் குளித்துவிட்டு வந்து ஈரத்தோடு மணலில் இருந்தான்.

"அக்கா, அங்கை நான் ஒரு கத்தியைக் கழிச்சு வைச்சால் ஏன் எண்டு சொல்லவேணும். வெளிச்சம் தெரியுது, அலகு பக்கத்திலை உரசுது, வில்லு இளக்கம், எண்டு ஏதோ ஒண்டு. காரணமில்லாமல் கழிக்க ஏலாது. முதலாளி விடமாட்டான்."

லீவு முடியமுன்னமே போய்விட்டான். மாமாவுக்குக் கொண்டுவந்த கத்தியை என்னுடைய அலுமாரியில் வைத்துவிட்டுப் போனான்.

என்னுடையதை நான் ஒருநாளும் அலுமாரியில் வைத்ததில்லை. அது இடுப்பிலேயே இருந்தது. மாங்காய்ப் புளியும் பனங்கள்ளும் ஓலைச் சாறும் பட்டு அதன் அலகும் தம்பியின் கத்தியைப்போல் நீலம் பாய்ந்தது. தீட்டிவைத்த கூர் லேசில் போகாது. போனாலும் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் திரும்பி வரும். எத்தனையோ கத்தி பாவித்திருக்கிறேன். ஒரு பொருளை எடுக்கும் போதெல்லாம் அதைச் செய்தவன் என்னை ஏய்க்க நினைக்கவில்லை என்று தெரிவது பெரிய ஆறுதல். நான் வாங்குகிற வாளி, கயிறு, குடை, செருப்பு ஒன்றிலும் அந்த ஆறுதல் இல்லை.

மாரி முடிந்து வெயில் தொடங்கின நேரம், வெளியில் மேயவிட்ட மாடுகளைத் தேடிக் கடற்கரைப் பக்கம் போனேன். மாமாவின் கன்று ஒன்று, சின்ன நாம்பன், கரையில் ஒதுங்கிக் கிடந்த நைலோன் வலைக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது. கழுத்திலும் முன்காலிலும் வலை சுற்றி இறுகியிருந்தது. நாக்கு வெளியே. எழும்பப் பார்க்கும், இன்னும் இறுகும். மாமா பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவரிடம் ஒரு கத்தியும் இல்லை.

நான் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து விரித்தேன்.

"பொறு, பொறு" என்றார் மாமா. "அந்தக் கத்தியாலை கன்றைத் தொடாதை. மாட்டெலும்பல்லோ. பாவம்."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. உண்மையாகவே சொன்னார். கன்றின் கண் பிதுங்கிக்கொண்டிருக்கிறது, மனிசன் பாவம் பார்க்கிறார்.

"விலகுங்கோ மாமா" என்று சொல்லிவிட்டு முழங்காலில் இருந்தேன். கழுத்துத் தோலுக்கும் வலைக்கும் நடுவே அலகை நுழைக்க ஒரு விரற்கடை இடம்கூட இல்லை. மெல்லிய நுனியைச் சரித்து உள்ளே விட்டு, கூர்ப்பக்கத்தை வெளியே திருப்பி இழுத்தேன். நைலோன் விட்டுக்கொடுத்தது. அலகு வழுக்கவும் இல்லை, மடியவும் இல்லை. கழுத்தை விடுவித்துப் பிறகு காலுக்குப் போனேன். மணலும் சாணமும் இரத்தமும் கத்தியின் வயிற்றுக்குள் போயிற்று. கன்று எழும்பி நொண்டி நொண்டி நின்று, என் முகத்தில் மூச்சு விட்டது. கத்தியைக் கழுவித் துடைத்து மூடினேன். மணல் ஒருதரம் நெறுநெறுத்தது. பிறகு டக்.

மாமா கன்றைப் பிடித்துக்கொண்டு போனார். காலில் காயம் ஆறாத கன்று எதற்கு என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்த முறை லொறி வந்தபோது அந்தக் கன்றும் ஏறிப் போயிற்று.

இதற்குப் பிறகு மாமா என் வீட்டுக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒருநாள் காலையில் சிரித்துக்கொண்டு வந்தார். லண்டனில் இருக்கிற அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னானாம். அவன் வேலை செய்யிற இடத்து வெள்ளைக்காரப் பெரியவர் இந்த மாதிரிக் கத்தி ஒன்றுக்காக மாதக்கணக்காய்க் காத்திருந்து எடுத்து, பெட்டியில் வைத்துப் பூட்டி வைத்திருக்கிறாராம். உலகம் முழுக்க அதற்குப் பைத்தியம் பிடித்த ஆட்கள் இருக்கிறார்களாம்.

"தம்பி எனக்கெண்டு தந்தது உன்னட்டைத்தானே இருக்கு? தா பாப்பம்."

கொடுத்தேன். அது அவருக்கென்று தம்பி கொண்டுவந்த பொருள், எனக்கு அதில் உரிமை இல்லை. மாமா அதைத் தோளில் போட்டிருந்த துவாயின் நுனியால் பிடித்து வாங்கினார்.

பிறகு ஒருநாள் அவருடைய வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். கண்ணாடி அலுமாரிக்குள், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில், வெல்வெட் துணி விரித்து, கத்தியை விரித்து வைத்திருந்தார். வந்திருந்தவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மருமேன்ரை கொம்பனிச் சாமான். அங்கை பெரிய ஆக்கள்தான் வைச்சிருப்பினம்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். அலகு முழுக்கச் செம்புள்ளி. வில்லின் மூலையில் துரு கட்டி, கறை எலும்புவரை இறங்கியிருந்தது.

"இதென்ன மாமா, துரு?"

"வீட்டுக்குள்ளை எடுக்க முதல் மஞ்சள் தண்ணியிலை ஊறப்போட்டனான். தீட்டுப் போகவேணுமல்லோ."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. வெளிச்சம் புகாமல் தம்பி இருத்தின இடத்துக்குள் மஞ்சள் தண்ணியைப் புகுத்திவிட்டார் இந்த மனிசன். எண்ணெய் தாருங்கள், துடைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்றார்.

போன வருடம் தம்பி கலியாணம் செய்தான். அவனோடு அதே பக்டறியில் வேலை செய்கிற பெண். அமெரிக்காவுக்குத் தெற்கே ஏதோ ஒரு நாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்தவளாம். கத்திப் பிடிக்கு எலும்பு பொருத்துவது அவளுடைய வேலை. படம் அனுப்பினான். இரண்டு பேரும் தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, தூசி படிந்த முகத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தை நல்லாய்ப் பிடித்தது. மாமாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, போட்டு, முகத்தைச் சுழித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது பிறகு. சொந்தத்தில் ஒரு புது வீட்டுக் குடிபூரல். பந்திக்கு இருந்துவிட்டு எல்லோரும் முற்றத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். நான் மற்றப் பொம்பிளைகளோடு கோப்பை கழுவிக்கொண்டு நிற்கிறேன். மாமாவின் குரல் கேட்கிறது.

"மருமேன் பக்டறி முதலாளியின்ரை மகளைத்தான் முடிச்சவன். ஒரே பிள்ளை. இனி எல்லாம் அவனுக்குத்தான்."

கழுவின கோப்பையை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனேன். கை ஈரம் சொட்டியது.

"பொய்" என்றேன். "அவள் முதலாளியின்ரை மகள் இல்லை. கத்திப் பிடிக்கு மாட்டெலும்பு பொருத்திறவள். அவன் அலகு பொருத்திறவன். ரெண்டு பேரும் கையாலை வேலை செய்து தின்னுகினம். இண்டைக்கு நீங்களெல்லாம் சாப்பிட்ட வாழையிலையை இவையள் செய்த கத்தியாலைதான் நான் வெட்டினனான். ஆருக்காவது ஓங்காளம் வந்தால் பின்வளவிலை போய்ச் சத்தி எடுங்கோ."

ஒருவரும் போகவில்லை. ஒரு கிழவர் மட்டும் வெற்றிலையைத் துப்பினார், அது வழக்கமாய்த் துப்புகிற நேரமாகவும் இருக்கலாம். மாமா எழும்பி, சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். வீட்டுக்காரி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், "நல்ல நாளிலை ஏன் அக்கா உந்தக் கதை" என்றாள். "நல்ல நாளிலை அவர் ஏன் பொய் சொன்னவர்?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு மாமா என்னோடு கதைப்பதில்லை. ஒழுங்கையில் கண்டால் மறுபக்கம் திரும்புவார். சில வீடுகளில் நல்லது கெட்டதுக்கு எனக்குச் சொல்லுகிறதும் நின்றுவிட்டது. சொல்லாத வீட்டுக்குப் போகாமல் விடுவதில் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை, மாட்டுக்குத் தண்ணி வைக்க நேரம் கிடைக்கிறது.

தம்பிக்குச் சொன்னபோது அவன் முழுக்கக் கேட்டான். பிறகு, "எல்லாருக்கும் முன்னாலையோ சொன்னனி?" என்றான்.

"ஓம். எல்லாருக்கும் முன்னாலைதான்."

"சரி" என்றான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அங்கே குளிராக இருக்கலாம்.

வருகிற ஆடியில் இரண்டு பேரும் வருகிறார்கள். அவள் எங்களுடைய சாப்பாடு எல்லாம் சாப்பிடுவாளாம், உறைப்பும் பழக்கமாம். மாட்டுக்கு மட்டும் பயமாம். எலும்பைத் தவிர மாட்டைக் கிட்ட நின்று கண்டதில்லையாம். சிவலை நல்ல குணம். அதோடு பழக்கிவிடலாம்.